குடையை மறந்த அண்ணன்

"இன்னிக்கும் குடையா?"

சின்னவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வாரம் வந்தது. மூன்றாவது மாதமும் வருமா?

"ஆமாடா, உச்சி மாடியில சாத்தி வச்சவன் அப்படியே இறங்கிட்டேன். நீ வாசல்ல நில்லு, இதோ ஒரே ஓட்டம்!"

சொல்லிக்கொண்டே அண்ணன் லிஃப்டுக்குள் போய்விட்டான்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. ஊழியத்துக்கென்று சபை ஜோடி சேர்த்து அனுப்பிய அண்ணன். இரண்டே வயதுதான் மூப்பு. இந்தப் பெரிய நகரத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு, ஒரே இஸ்திரிப் பெட்டி. காலையில் ஜெபம் முடித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, சுவிசேஷம் அச்சடித்த கைப்பிரதிக் கட்டோடு கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் கதவு தட்டுகிற வேலை. லிஃப்டில் உச்சிக்குப் போய், மாடி மாடியாகப் படியில் இறங்கி வரவேண்டும்.

"உங்களுக்கே தெரியாம உங்கமேல அன்பு வச்சிருக்கிற ஒருத்தர் இருக்கார்ங்க."

கைப்பிரதியின் முதல் வரி அதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சின்னவன் ஒப்பிப்பான்.

"கொடுத்தமா, இறங்கினமான்னு இரு. திரும்பிப் பார்க்காதே" என்பான் அண்ணன்.

எத்தனை கொடுத்தாலும் கட்டு மட்டும் குறைவதே இல்லை.

"அள்ள அள்ள வருதே, ஆசீர்வாதம்ணே இது!" என்று சின்னவன் ஒருநாள் மெய்சிலிர்த்தான்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஏனோ புரையேறிவிட்டது. அவனுக்கு எப்போது பார்த்தாலும் இஸ்திரிதான்.

சரி, கதைக்கு வருவோம்.

மழை பெய்து ஒரு மாதமாகிறது. குடை எதற்கு? அதுவும் போகிற கட்டடத்தில் எல்லாம் மறக்கிற குடை? எடுக்கப் போனால் கால்மணி நேரம் ஆளைக் காணோம்.

சின்னவனுக்குச் சற்றுமுன் கதவு தட்டிய மூன்றாம் மாடி ஞாபகம் வந்தது. ஒரு பெண் கதவைத் திறந்து, சிரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளே? இரண்டு பேரும் எந்த ஊர் என்றுகூட விசாரித்தாளே?

ஊழியத்தில் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. ஒருவர் தவறினால் மற்றவர் மேற்பார்வையாளருக்கு எழுதிவிட வேண்டும். சின்னவன் எழுதியும் விட்டான். கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தால் அண்ணன் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் பழி போடலாமா? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரிப் படியேறினான்.

மூன்றாம் மாடியை நெருங்கும்போதே வளையல் சத்தம். ஒரு பெண்ணின் சிரிப்பு. கூடவே அண்ணனின் குரல்.

'போச்சு! நான் நினைச்சது சரியாப் போச்சு!'

சுவரோரம் ஒண்டி எட்டிப் பார்த்தான்.

வளையல் போட்டிருந்தவள் படி துடைக்கிற அம்மா. விளக்குமாற்றை மடியில் கிடத்தி, வாளி பக்கத்தில் இருக்க, படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக் குடைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாம் கைப்பிரதி! கசக்கியது, கிழித்தது, காலில் மிதிபட்டது. இன்று காலையில் சின்னவன் கையால் கொடுத்ததுதான் அத்தனையும்.

"ஏன் தம்பி, குப்பை அள்ளத்தான் நான் இருக்கேனே, நீ எதுக்குக் குனியறே?"

"எங்க குப்பைக்கு நீங்க ஏன்கா முதுகு ஒடியணும்?"

"சரிதான் போ! மேல ஒரு அய்யா நம்ம பேப்பரை மடிச்சு, ஆடற மேசைக்கு அண்டக் கொடுத்துட்டார். அதையும் பிடுங்கிட்டு வரவா?"

"அது இருக்கட்டும்கா. அங்கயாவது உபயோகப்படட்டும்."

அவள் மறுபடி சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "இதெல்லாம் என்ன பண்ணுவே?"

"கிழிஞ்சதைக் குப்பையில போட்டுடுவேன். கசங்கினதை இஸ்திரி போட்டுக் கட்டுல சேர்த்துடுவேன்."

"இதுக்கு அந்தச் சின்னப்பிள்ளைகிட்ட, யாரும் படிக்கிறதில்லைடான்னு சொல்லிடலாமில்ல?"

அண்ணன் நிமிரவில்லை.

"சொல்லலாம்கா. ஆனா அவன் வாராவாரம் வீட்டுக்கு எழுதறான், எல்லாரும் ஆசையா வாங்கிக்கிறாங்கன்னு. படுத்த படுக்கையா இருக்கிற அவங்கம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேக்கிறாங்களாம். போகட்டும்கா. ஒருநாள் அவனே தெரிஞ்சுக்குவான். அதுவரைக்கும் குனிஞ்சா எனக்கென்ன, இடுப்பா தேயும்?"

சின்னவன் சத்தமில்லாமல் இறங்கினான். கடைசிப் படியில் பந்தாகச் சுருட்டிய ஒரு கைப்பிரதி கிடந்தது. எடுத்துப் பிரித்தான்.

'உங்களுக்கே தெரியாமல் உங்கள்மேல் அன்பு வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார்.'

மூன்று மாதமாக ஊருக்கெல்லாம் கொடுத்ததை அன்றுதான் படித்தான்.

சட்டைப்பையில் இருந்த கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தான். கீழே போடவில்லை, அந்த அம்மா குனிய வேண்டியிருக்குமே! திரும்பப் பையிலேயே திணித்துக்கொண்டான்.

"குடை கிடைச்சுதாண்ணே?"

"கிடைச்சுதுடா. வா, அடுத்த கட்டடத்துக்குப் போவோம்."

அங்கேயும் உச்சியில் தொடங்கி, அண்ணன் சாத்தி வைத்த குடையைச் சின்னவன் ஞாபகமாக எடுத்துக் கையில் கொடுக்க, கதவு கதவாகத் தட்டி வாசலுக்கு வந்தார்கள். அண்ணன் வேறு சாக்குத் தேடி வாயைத் திறப்பதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்.

"நீங்க நில்லுங்கண்ணே. இன்னிக்குக் குடையை மறந்தது நான்."

குடை அண்ணனின் கக்கத்திலேதான் இருந்தது. சின்னவன் அதை உருவிக்கொண்டு மேலே போனான்.