திங்கட்கிழமை விருந்தாளி

ஆறு வருடம் தூண்டில் போட்டும் நிமலன் ஒரு டிரவுட் மீன்கூடப் பிடித்ததில்லை. ஆக்லாந்திலிருந்து நான்கு மணிநேரம் தள்ளியிருந்த ஏரியில் முதல் மீன் மாட்டியது. அது வெள்ளிக்கிழமையில்தானா மாட்ட வேண்டும்? வெள்ளியில் அவன் சைவம். தூண்டிலில் உதட்டின் இடது ஓரம் கிழிந்த மீனைத் தண்ணீரில் விட்டான்.

"நாளைக்கு வா, என்ன?"

"கண்டிப்பா வரும்ணே," என்று கூட வந்த நண்பன் கோகுல் சிரித்தான்.

மறுநாள் காலை அவர்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் இருந்த வாளியில் மீன் கிடந்தது. உதட்டின் இடது ஓரம் கிழிந்திருந்தது. ஏரி எழுபது படி கீழே இருந்தது. கோகுல் சட்டியை அடுப்பில் வைத்தான், உடனே இறக்கினான்.

"புரட்டாசி சனிண்ணே. நான் தொடமாட்டேன்."

தனியாகத் தின்ன நிமலனுக்குத் துணிவு வரவில்லை. வாளியை ஏரிக்குச் சுமந்தான். வந்தவரை வெறுமனே திருப்பி அனுப்புகிறோமே என்ற கூச்சத்தில் ஒரு பேச்சுக்குச் சொன்னான்: "குறை நினையாதேங்கோ. திங்கட்கிழமை ஹில்ஸ்பரோவுக்கு, எங்கட வீட்டுக்கு வாங்கோ."

திங்கள் மாலை அவன் வேலை முடிந்து வந்தபோது வாசற்படியிலிருந்து குளியலறை வரை ஈரமாக இருந்தது. குளியல் தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"ஆர் கொண்டு வந்தது?"

"ஒருத்தரும் இல்லை. நீங்கள்தான் வரச்சொன்னனீங்களாம்," என்றாள் மனைவி ரதிதேவி. "நவராத்திரிக்குக் கும்பம் வைச்சாச்சு, பத்து நாளைக்கு மீன், மச்சம் சமைக்கேலாதெண்டு சொன்னன். அதுவரைக்கும் நிக்கிறாராம்."

தொட்டியின் விளிம்பில், விருந்தாளிகளுக்கென்று வாங்கிவைத்திருந்த புதுத் துவாய் ஈரமாக, ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது.