குவீன்ஸ்லாந்து நேரம்

தெருவுக்கு இந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ், அந்தப் பக்கம் குவீன்ஸ்லாந்து. கோடையில் இந்தப் பக்கத்துக் கடிகாரங்கள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்.

மாப்பிள்ளை டேரன் ஈரத்தலையோடு இந்தப் பக்கத்துத் தேவாலயத்துக்குள் ஓடிவந்தபோது, மணப்பெண் ப்ரான்வின் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்க! அந்தப் பக்கத்துக்காரன் இல்லையா, எங்க ஊர் நேரத்தைப் பார்த்துக் கிளம்பிட்டேன்."

அவளுடைய அப்பா நெவில் சிரித்துவிட்டார்.

"போன கிறிஸ்துமஸ் விருந்தை நானே இப்படித்தான் அந்தப் பக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்துக் கோட்டை விட்டேன். விடும்மா!"

பாதிரியாரும் தலையாட்டினார். ப்ரான்வின் மட்டும் சிரிக்கவில்லை.

"போன ஞாயித்துக்கிழமையே கோடை நேரம் முடிஞ்சு, நம்ம கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வெச்சாச்சுப்பா. இப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான்."

அவள் டேரன் பக்கம் திரும்பினாள்.

"கடல்ல அலைச்சறுக்கு நல்லாப் போச்சா டேரன்? முதல்ல காதுல இருக்கிற மணலைத் துடை. மோதிரத்தை அப்புறம் போடலாம்!"