சத்தியமா நான் பொய் சொல்லல

"இன்னொரு தடவை" என்றார் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி.

மாரிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து எத்தனை இன்னொரு தடவை?

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. ஆடித்தபசுத் தள்ளுபடிக்காக உள்ளூர் கேபிளில் போட ஒரு விளம்பரம் எடுக்கிறார்கள். மாடியில் பட்டுச்சேலைப் பக்கத்தை மறித்து, மைக்கில் சத்தம் விழுகிறதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். முப்பத்தோரு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, சிவப்பு ரிப்பன் வைத்த ரெட்டைச் சடையோடு அவள் வியர்த்து வடிந்துகொண்டிருந்தாள்.

ரிப்பன் அண்ணாச்சியின் யோசனை. அது இல்லாவிட்டால் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதாம்.

தெரியாமல் என்ன. ஊரே இன்னும் அவளைப் பேபி என்றுதான் கூப்பிடுகிறது. ரேஷன் கடையில் பேபி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் பேபி.

எட்டு வயதில் அவள் நடிக்க ஆரம்பித்த தொடர் ஓடிய காலத்தில், ராத்திரி எட்டரை மணிக்கு இந்த வீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது. செய்யாத திருட்டுக்குச் சித்தியிடம் அடிவாங்கும் பிள்ளை அவள். கண்ணை அகல விரித்து, "சத்தியமா நான் பொய் சொல்லல... நம்புங்க" என்று அவள் சொன்ன அன்றைக்கு, மேலநீலிதநல்லூரில் ஒரு அம்மாள் சித்தியை அடிப்பதாக நினைத்து டிவி மேல் செருப்பை வீசியதாகச் சொல்வார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை 'பத்து வருடங்களுக்குப் பிறகு' என்று திரையில் ஒரு வரி வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பிள்ளையாக வேறொரு பெரிய பெண் நடித்தாள். மாரிசெல்வி ஊருக்கு வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அதன்பிறகு நடிக்க யாரும் கூப்பிடவில்லை.

இருபது வருடம் கழித்து இப்போதுதான் ஒருத்தர் கேமரா முன்னால் நிற்கக் கூப்பிட்டிருக்கிறார். இது நன்றாக வந்தால் தென்காசி, திருநெல்வேலிக் கடைக்காரர்களும் கூப்பிடுவார்கள் என்று ஆசை. தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். வேண்டாம் என்ற புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். பேச வேண்டியது அந்தப் பழைய வரி மட்டும்தான். அதற்குப் பிறகு சேலையும் தள்ளுபடியும் வந்துவிடும்.

அந்த வரிதான் வரமாட்டேன் என்கிறது.

"சத்தியமா நான் பொய் சொல்லல... நம்புங்க."

கேமராக்காரன் ராஜேஷ்குமார் உதட்டைப் பிதுக்கினான். கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கெல்லாம் வந்த வாழ்வைப் பார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மூஞ்சியெல்லாம் அதேதான் பேபி. அந்தக் கொரலுதான் வரமாட்டேங்கு" என்றார் அண்ணாச்சி.

செல்போனில் அந்தப் பழைய காட்சியை மறுபடியும் போட்டுக் காட்டினார். கணீரென்று கிளம்பி, 'நம்புங்க' என்ற இடத்தில் லேசாக உடைந்து நின்றது குரல். சேலை மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

மாரிசெல்வி சீரகத் தண்ணீர் குடித்தாள். கீச்சுக்குரலில் சொன்னாள். விற்பனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெல்லமாகச் சொன்னாள். கீழே போன கரிவலம் பஸ் ஹாரனை அடித்து அதைக் கெடுத்தது.

"தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி."

சின்ன வயதில் கோவில் கொடைத் திருவிழா மேடைகளில் அவள் முன்னால் மைக்கை நீட்டும்போதெல்லாம் அம்மா முந்திக்கொண்டு சொன்ன பதில் அது. அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

அண்ணாச்சி நம்பவில்லை. "நீ பேசுனதத்தான பேசச் சொல்லுதேன்? எவளோ பேசுனதயா பேசச் சொல்லுதேன்? முடியலன்னா சொல்லிரு, வேற பிள்ளையப் பாக்கேன்."

வேற பிள்ளை.

ஒரு தடவை வேற பிள்ளை வந்ததே போதும். வெளியே மூச்சு விடாதே என்று அம்மா தலையில் அடித்து வாங்கிய சத்தியம், அந்தத் தொடர் எடுத்த ஷூட்டிங் வீட்டின் வெளிச்சம், காலையிலிருந்து பட்ட அவமானம் எல்லாமாகச் சேர்ந்து அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தன. ரெண்டு சடையையும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அது என் கொரலே இல்ல அண்ணாச்சி! மெட்ராஸ்ல ஒரு பெரிய பொம்பள டப்பிங் பேசுனது. நான் வாய மட்டுந்தான் அசைச்சேன். சத்தியமா நான் பொய் சொல்லல... நம்புங்க!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துபோனது.

முதலில் கைதட்டியது விற்பனைப் பெண்கள்தான்.

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதத்தானட்டி காலையிலருந்து கேக்கேன். என்னா நடிப்பு! ஏலே ராஜேசு, எடுத்துட்டியாலே?"

ராஜேஷ்குமார் கேமராவை அணைத்திருக்கவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"நடிப்பு இல்ல அண்ணாச்சி" என்று மாரிசெல்வி சொன்னது மின்விசிறியைப் போட்ட சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

"முன்னால என்னமோ பேசுதாள்லா, அத வெட்டிரு. கடைசி வரி மட்டும் போதும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி படியிறங்கினார்.

ஆடித்தபசு முடியும்வரை விளம்பரம் ஓடியது. ரத வீதியில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவளை நிறுத்தி ஒன்றையே சொன்னார்கள். முகம்தான் கொஞ்சம் முற்றிவிட்டதாம். குரல் அப்படியே இருக்கிறதாம்.