ஆவணியில் ஒரு கஸ்டமர் கேர்

"கள்ளக்குறிச்சில எறங்கி சங்கராபுரம் பஸ்ஸு மாறுனா வூடு. ஏறி வந்துடேன்," என்றான் இளமாறன்.

"பஸ்ல ஏத்தி வுட நான் இன்னா பார்சலா?" என்றாள் ஜெயசுதா.

ஆவணி பிறந்த அன்று போனில் பேசியது. அதன் பிறகு கணவனும் மனைவியும் பேசவில்லை.

சண்டை என்று சொல்ல முடியாது. தலை ஆடிக்கு எலவனாசூர்கோட்டையிலுள்ள அம்மா வீட்டுக்கு வந்த ஜெயசுதா, ஆடி முடிந்ததும் கணவன் வந்து அழைத்துப் போவான் என்று காத்திருந்தாள். மாமனார் வாயால் ஒரு வார்த்தை வரச் சொல்லட்டும் என்று இளமாறன் காத்திருந்தான். மாப்பிள்ளை முறைப்படி வந்து நிற்கட்டும் என்று அவள் அப்பா கண்ணாயிரம் காத்திருந்தார்.

வந்து கூட்டிப் போங்கள் என்று அவளே சொல்லிவிடலாம். ஆனால் புதுப்பெண் அதைத் தன் வாயால் கேட்டாள் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். எதிர்வீட்டு அமிர்தம் அக்கா இப்போதே தினமும் கோலம் போடும் நேரத்தில், வூட்டுக்காரர் இன்னும் வரலியா என்று கரிசனமாக விசாரிக்கிறாள்.

ஆவணி பாதி போனபோது டிவி நின்றது.

டிவி நன்றாகத்தான் இருந்தது. அதன் பின்னால் செருகியிருந்த, நெட்டில் படம் காட்டும் ஸ்டிக்தான் எதையும் காட்ட மறுத்தது. இந்தச் சாதனம் எந்தக் கணக்கிலும் இல்லை என்றது. இளமாறன் வாங்கிய ஸ்டிக். ஆடிக்கு வரும்போது புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவாரே என்றார் அப்பா.

அதற்கெல்லாம் கஸ்டமர் கேர் இருக்கிறது என்றாள் ஜெயசுதா.

கூகுளில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எடுத்தவன் தன் பெயர் பிரவீன்குமார் என்றான். மூச்சுக்கு ஒரு மேடம். ஸ்டிக்கை மறுபடி உயிர்ப்பிக்கப் பத்து ரூபாய்தான் ஆகும் என்றான். ஏடிஎம் கார்டின் எண்ணைக் கேட்டான், சொன்னாள். பின்பக்கத்து மூன்று எண்களையும் சொன்னாள். அப்பா மரவள்ளிக் கிழங்கு விற்று அவள் பெயரில் போட்ட பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. பத்து ரூபாய்தானே.

இப்போது ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள் மேடம் என்றான்.

வரவில்லை.

கல்யாணமான வாரத்தில் சங்கராபுரத்தில் திறந்த கணக்கு அது. போன் நம்பர் கேட்ட இடத்தில் இளமாறன் தன் நம்பரை எழுதியிருந்தான்.

அப்படியானால் சாரிடம் கேளுங்கள் என்றான் பிரவீன்குமார். அவரிடம் இப்போது பேசுவதில்லை என்றாள் ஜெயசுதா.

பிறகு அவன் பொறுமையாக ஆரம்பித்தான்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா மேடம் கௌரவம்? நீங்களே கேளுங்க. கேட்டா குடுத்துடுவாரு."

ஆவணி பிறந்ததிலிருந்து இந்த விஷயத்தில் அவளிடம் உருப்படியாகப் பேசிய ஒரே ஆள் அவன்தான். எவ்வளவு நேரமானாலும் லைனிலேயே இருப்பதாகவும் சொன்னான்.

அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலோரக் கிணற்றடிக்குப் போனாள்.

கிடைக்காது என்றுதான் நினைத்தாள். இளமாறனுக்குக் கல்வராயன் மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. சனிக்கிழமைதான் இறங்குவான். அங்கே மலைப்பாதையின் ஒரு வளைவில் போய் நின்றால்தான் சிக்னல்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க மாமா." அழைப்புக்குக் காத்திருந்த மாப்பிள்ளையின் குரல்.

நான்தான் என்றாள். டிவிக்காக ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொன்னால் போதும் என்றாள். அவன் குறுஞ்செய்தியைப் படிப்பது தெரிந்தது. பின்னால் காற்று அடித்தது. ஒரு லாரி முக்கி ஏறியது.

"டிவிக்கா? கெழங்கு பணம் மொத்தத்தையும் எடுக்கறதுக்கு வந்துருக்கு. அந்தாளு லைன்ல இருந்தா மொதல்ல கட் பண்ணு."

இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து, பிரவீன்குமாரைத் துண்டித்தாள்.

பேங்குக்குப் பேசிக் கார்டைத் தானே நிறுத்திவிடுவதாக இளமாறன் சொன்னான். சரி என்றாள். பேச வேண்டியது அத்துடன் முடிந்துவிட்டது. இருவரும் வைக்கவில்லை.

"டிவி இன்னும் வரல," என்றாள்.

"வராது. ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தப்ப நான்தான் அத என் கணக்குலேர்ந்து எடுத்து வுட்டேன்."

"எதுக்கு?"

"பாஸ்வேர்டு கேட்டாவது போன் பண்ணுவேன்னு பாத்தேன். அன்னிலேர்ந்து சோத்து வேளைக்கு டிபன் பாக்ஸத் தூக்கிக்கினு வந்து இந்த வளைவுலதான் நிக்கறேன். நீ என்னான்னா கண்டவனுக்குப் போன் பண்ணிக்கினு இருக்க."

அவள் போன் மறுபடி அடித்தது. பிரவீன்குமார்தான். ஜெயசுதா அதைத் துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

பாஸ்வேர்டு சொல்கிறேன், எழுதிக்கொள் என்றான் இளமாறன். அவள் எழுத எதையும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் அமிர்தம் அக்கா முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

கேட்டால் கொடுத்துவிடுவார் என்று அந்தத் திருடன் சொன்னது ஞாபகம் வந்தது.

"பாஸ்வேர்டு வேணாம்," என்றாள், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. "நீங்க வந்து என்ன கூட்டிக்கினு போங்க."