உறையக் கூடாதது

ஆய்வக ஃப்ரீசரிலிருந்து எடுத்த சின்னக் குழாய் கல் மாதிரி உறைந்திருந்தது.

அவள் கவிழ்த்துப் பார்த்தாள். நகத்தால் சுண்டினாள். உள்ளே இருந்த துளித் திரவம் அசையவில்லை.

இது உறையக் கூடாது. பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்துதான் இந்த ஆன்டிபாடி வரும். இந்த ஃப்ரீசர் குளிருக்கு எண்ணெய் மாதிரி கெட்டியாகுமே தவிர, பனிக்கட்டியாகாது.

பெட்டியிலிருந்த மற்ற குழாய்களையும் எடுத்தாள். எல்லாமே கல்.

உள்ளே இருப்பது வெறும் தண்ணீர்.

கோழிக் கருவில் கண் எங்கே முளைக்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஒரு புரதம் இருக்கிறது. அது போய்த் தட்டி எழுப்பினால்தான் கண்ணுக்கான மற்ற மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த ஆன்டிபாடியின் வேலை. ஒட்டிக்கொண்டால் மைக்ராஸ்கோப்பில் அந்த இடம் பச்சையாக ஒளிரும்.

அவளுக்கு மாதக்கணக்காக ஒளிரவில்லை.

முட்டை முட்டையாக உடைத்தாள். கருவை நோகாமல் எடுத்தாள், கழுவினாள், ஊற வைத்தாள், மறுபடி கழுவினாள். கடைசியில் இருட்டறையில் போய்க் கண்ணைப் பொருத்தினால் வெறும் கறுப்பு. கெட்டுப்போன முட்டைகளின் வாடை தலைமுடிவரை ஏறியதுதான் மிச்சம். எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பாட்டில் கை வைத்ததும் அது மூக்குக்கு வந்துவிடும்.

நேற்றுப் பேராசிரியர் கூப்பிட்டு, உனக்குக் கைராசி இல்லம்மா என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் அவள் வேலையை ஜூனியர் பெண்ணிடம் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

அதனால் யார் செய்திருப்பார்கள் என்று யோசித்ததும் ஜூனியரின் முகம்தான் முதலில் வந்தது.

ஆனால் பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி அவளிடமே இருக்கிறது. இன்னொன்று அவள் கணவனிடம்.

அவனுக்கு இதே ஆய்வகத்தில் ஸ்டோர் பொறுப்பு. ஆய்வகத்துப் பெண்ணைக் கட்டியதால் எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை'. முட்டை கொண்டுவந்து போடுகிறவர்கூட மாப்பிள்ளை இருக்காரா என்றுதான் கேட்பார்.

தினமும் குழாயை எடுத்து வந்து கொடுப்பது அவன்தான். நீ எதுக்கு அலையற, முட்டையைக் கவனி என்பான். உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வருவான்; அவள் கைக்கு வரும்போது உள்ளே இருப்பது திரவமாகத்தான் இருக்கும். இந்தத் தடவை சரக்கு கொஞ்சம் நீர்த்திருக்கு, கம்பெனிக்காரன் இப்பல்லாம் இப்படித்தான் அனுப்புறான் என்று சொன்னதும் அவன்தான்.

இன்று பல் டாக்டரிடம் போயிருந்தான். அதனால்தான் அவளே ஃப்ரீசரைத் திறக்க வேண்டியதாயிற்று.

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண் வீங்க அழுதுவிட்டு வீடு திரும்பும் நாட்களில் பாலைச் சூடாக்கிக் கையில் கொடுப்பவன் அவன். சொல்லாமலேயே கால் பிடித்துவிடுவான். அவள் அம்மா போனில் பேசும்போதெல்லாம், மாப்பிள்ளை தங்கம்டி, எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்பாள். மாமியாருக்குத்தான் வயிற்றெரிச்சல். என் காலை ஒருநாள் தொட்டிருப்பானா இவன் என்பாள்.

மதியம் அவன் வந்தான். ஊசி போட்டு ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்தது. வாய் லேசாகக் கோணியிருந்தது.

அவள் உறைந்த குழாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. உருட்டத் தொடங்கின.

பிறகுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விரல்கள் நின்றன.

"ஏன் இப்படிப் பண்ணின?"

பதிலை அவளே தயாராக வைத்திருந்தாள். அவன் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவன். இவள் முடித்துவிட்டால் வெளிநாட்டில் வேலை காத்திருக்கிறது. பொறாமை என்று சொல்லிவிட்டால் போதும். பொறாமையை அவளால் புரிந்துகொள்ள முடியும். கத்தலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம், என்றாவது மன்னிக்கவும் செய்யலாம்.

அவன் வாயின் மரத்த ஓரத்தில் எச்சில் இறங்கியது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"வேலை நல்லா போனப்ப வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்துடுவ. நான் ஒருத்தன் இருக்கேன்னே உனக்குத் தெரியாது. இது வராம போனதுக்கு அப்புறம்தானே என் தோள்ல சாஞ்சு தூங்குற."

ஏதோ விசேஷத்தைச் சொல்கிற மாதிரி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

அந்தத் தோள். அந்தப் பால். காலைப் பிடித்துவிட்ட அந்தக் கை காலையில் பூட்டைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, மூடி போட்டுத் திரும்ப வைத்திருக்கிறது. அவள் அழுததை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ருசித்திருக்கிறான்.

அவள் கைகழுவும் தொட்டிக்கு ஓடினாள். காலையில் குடித்த காபிகூட மிச்சமில்லாமல் வெளியே வந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியது. ஈரமான ஓர் உள்ளங்கை அவள் முதுகில் பதிந்து, மேலும் கீழுமாகத் தடவிக்கொடுத்தது.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல?"

அந்தக் குரலில் நிம்மதி இருந்தது.