ஒரு தடவை சிமிட்டினால்

“ஒரு தடவை சிமிட்டுனா ‘ஆமா’. ரெண்டு தடவை சிமிட்டுனா ‘இல்ல’. புரியுதாண்ணே?”

கில்பர்ட்டின் இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன.

நர்ஸ் பிரெசில்லாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கட்டிலின் மறுபக்கம் நின்ற அவர் மனைவி ஜோதிமேரியிடம், “நீங்களும் கேட்டுப் பாருங்கக்கா” என்றாள்.

“இதுல கேக்க என்ன இருக்கு? இவுக முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.” அப்படிச் சொல்லிக்கொண்டே ஜோதிமேரி குனிந்தாள். “வலிக்குதா?”

இரண்டு தடவை சிமிட்டினார்.

“பொய் சொல்றாக சிஸ்டர். வலிக்கத்தான் செய்யுது.”

கில்பர்ட் தங்கச்சிமடத்துக்காரர். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலுக்குப் போய்வந்த கையோடு வயிற்றுப்போக்கு கண்டது. அது நின்றதும் கால் மரத்தது, பிறகு கை விழுந்தது, கடைசியில் மூச்சே திணறியது. இப்போது ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் துளையிட்டுப் போட்ட குழாய் வழியே மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. அறிவும் காதும் தெளிவாக இருந்தன. உடம்பில் அவர் சொன்னபடி கேட்டவை இமைகள் மட்டும்தான்.

“கிருமியை அடிக்கக் கிளம்புன உடம்பு, அடையாளம் தெரியாம சொந்த நரம்பையே அடிச்சிருச்சுக்கா. நரம்பு திரும்பத் தேறும். ஆனா மெதுவாத்தான் தேறும்” என்று பிரெசில்லா முதலிலேயே சொல்லியிருந்தாள். தேறும் வரை படுக்கைப்புண் வராமல் அவரைப் புரட்டிவிட வேண்டும், குழாயில் கட்டும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், விரல்களை நீட்டி மடக்கி விட வேண்டும். அத்தனையும் அவள் பொறுப்பு.

அன்று மத்தியானம் கில்பர்ட்டின் தம்பி ஜெயபால் வந்தான். அண்ணனைப் பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“மதினி, இன்னும் எம்புட்டு நாளைக்கு மெஷின்ல போட்டு வைக்கிறது? அண்ணன் படுற பாட்டைப் பார்க்க முடியல. வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். சாமியாரை வரச்சொல்லி, சாகுறதுக்கு முன்ன பூசுற அவஸ்தை எண்ணெயைப் பூசி, நல்லபடியா அனுப்பி வைப்போம்.”

பிரெசில்லா குறுக்கே வந்தாள். “மெஷினை எடுத்தா பாதி வழி தாங்க மாட்டாரு. அவருக்கு நினைவு நல்லா இருக்கு. அவரைக் கேக்காம முடிவு பண்ணக்கூடாது. டாக்டரும் இதைத்தான் சொல்வாரு.”

“அப்ப அண்ணனையே கேட்ருவோம். எனக்கு வாய் வரல. நீங்களே கேளுங்க மதினி.” ஜெயபால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஜோதிமேரி கணவரின் தலைமாட்டுக்கு வந்தாள். போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுக் கேட்டாள்.

“வீட்டுக்குப் போயிருவமா?”

கில்பர்ட் அவளையே பார்த்தார். பிறகு ஒரு தடவை சிமிட்டினார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டு” என்றாள் ஜோதிமேரி, கொழுந்தனைப் பார்த்து. “வேணாங்குறாக. இங்கனதான் இருப்பாகளாம்.”

ஜெயபால் மூக்கை உறிஞ்சினான். “அண்ணன் விருப்பம் அதுன்னா, அப்புறம் நான் சொல்ல என்ன இருக்கு?” என்று கிளம்பிப் போனான்.

பிரெசில்லா ஜோதிமேரியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

“அக்கா, ஒரு தடவைதான் சிமிட்டுனாரு.”

“நானும் பார்த்தேன்.”

“பின்ன ஏன் மாத்திச் சொன்னீங்க?”

“அவுக சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டா நான் குடும்பம் நடத்துறேன்?” விறைப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்துவிட்டது. “டாக்டர்ட்ட சொல்லணும்னா சொல்லிக்கோங்க சிஸ்டர்.”

பிரெசில்லா தனியாகக் கட்டிலருகே திரும்பி வந்தாள்.

“அண்ணே, நெசமாவே வீட்டுக்குப் போகணுமா?”

கில்பர்ட் கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு முறை கேட்டாள். திறக்கவில்லை. தூக்கமும் இல்லை, மூடிய இமைக்குள் விழி உருண்டுகொண்டிருந்தது.

“சரி, கேக்கல. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடட்டுமா?”

உடனே திறந்து, ஒரு தடவை சிமிட்டினார்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போக வேண்டும் என்றால் மறுபடி சிமிட்டியிருக்கலாமே? வேண்டாம் என்றால் இரண்டு தடவை சிமிட்டினால் போயிற்று. ஏன் மூடிக்கொண்டார்? டாக்டர் வரும்போதெல்லாம் விஷயம் அவளுடைய நாக்கு நுனி வரை வந்தது. நோயாளியின் விருப்பத்தை மறைக்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரல் அசைந்தது. தோள் அசைந்தது. மூச்சு தானாக வந்தது. குழாயை எடுத்தார்கள். ஒருநாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கில்பர்ட் வீட்டுக்குப் போனார்.

சில மாதம் கழித்து, மறுபரிசோதனைக்காக வாக்கரை ஊன்றி நடந்தே வந்தார். ஜோதிமேரி மருந்து வாங்க வரிசையில் நின்றாள். இதுதான் சமயம் என்று பிரெசில்லா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்ணே. அன்னைக்கு வீட்டுக்குப் போகணும்னு சொன்னீங்க. அக்கா மாத்திச் சொல்லிட்டாங்க. நானும் டாக்டர்ட்ட சொல்லாம விட்டுட்டேன். எங்க மேல வருத்தமா?”

“நல்லவேளை சொல்லல. சொல்லியிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

கில்பர்ட்டின் முகத்தில் ஒரு பாதி இன்னும் முழுதாகத் தேறவில்லை. சிரிப்பு ஒரு பக்கமாகவே வந்தது. மருந்து வரிசையை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எப்படியாவது பிழைச்சுக்கிறணும்னு எனக்கு அம்புட்டு ஆசை சிஸ்டர். கட்டுன நாள்லேர்ந்து நான் எதைச் சொன்னாலும் அவ நேர்மாறாத்தான் செய்வா. அதான் ‘போவோம்’னு சிமிட்டுனேன்.”