றஸீன் மெசின் பார்த்த விதம்

"மெசின்ல பெல்ட் கழருற விசயத்தைச் சொல்லிப்போட்டு வில்லுங்கோ," என்றாள் மனைவி கத்தரினா.

"சொன்னா எவன் வாங்குவான்?" என்றார் இன்னாசிப்பிள்ளை.

கண்டக்குழியில் ஒழுங்காய் மீன்பிடித்துக்கொண்டிருந்த மனுசனுக்குப் போன வருசம் கத்தி செய்யும் ஆசை பிடித்தது. லொட்ஜுகளுக்கு வரும் வெள்ளைக்காரர் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நினைத்து, இருப்பதில் மலிவாகப் பார்த்து ஒரு பெல்ட் கிரைண்டர் வாங்கினார்.

மோட்டர் நல்லது. மேல் உருளைதான் கோணல். ஒரு நிமிடம் ஓடினால் பெல்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய்க் கழன்று விழும். ஒரு வருசத்தில் அவர் செய்து முடித்தது மூன்று கத்தி. மூன்றும் கத்தரினாவுக்கு ஈர்க்கு சீவத்தான் உதவின.

இப்போது வலை வாங்க முப்பதாயிரம் வேண்டும். வலை இல்லாவிட்டால் மச்சான் அருமைநாயகத்தின் வள்ளத்தில் கூலிக்கு ஏறவேண்டும். "வாங்கோ கத்தி முதலாளி" என்று மச்சான் கரையில் நின்று கூப்பிடுவதை நினைத்தாலே இன்னாசிப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

பத்து மணிக்குப் பாலாவியிலிருந்து மெசினைப் பார்க்க றஸீன் வந்து சேர்ந்தான். முப்பது வயதிருக்கும். அரத்தால் தேய்த்துத் தேய்த்தே கத்தி செய்கிறவன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அன்று ஆடு மாடு அறுக்கும் குர்பானுக்கென்று நாற்பது கத்திக்குச் சொல்லியிருந்தார்கள். அரத்தை நம்பினால் அடுத்த பெருநாளுக்குத்தான் முடியும், புது மெசினோ கட்டுப்படியாகாது.

முற்றத்தில் மெசின் தயாராக இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் காட்டி முடித்துவிடவேண்டும் என்பது இன்னாசிப்பிள்ளையின் திட்டம்.

"முப்பத்தஞ்சு, தம்பி. புதுசெண்டா இதுக்கு ரெண்டு மடங்கு."

சுவிட்சைப் போட்டார். றஸீன் பையிலிருந்து அரைகுறையாகச் செய்த கத்தி ஒன்றை எடுத்து, பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தான்.

இன்னாசிப்பிள்ளைக்குத் திக்கென்றது. கரைக்கு மீன் எடுக்க வரும் வியாபாரிகளை அவர் எத்தனை வருசமாய்ப் பார்த்தவர். மீனில் குறை கண்டால் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். கையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். மீன்காரன் தானாக விலையில் இறங்கி வரும்வரை அப்படியே நிற்பார்கள். இவனும் அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டு மெசினை நிற்பாட்டினார்.

"சரி, முப்பத்திரண்டு."

"விலையைப் பொறகு பேசுவம் அண்ணன். இதை ஊட்டுக்குப் பின்னால கொண்டுபோய்ப் போட்டுப் பாக்க ஏலாதா?"

தூக்கும்போது உருளை கண்ணில் பட்டுவிடும். "வயர் எட்டாது, தம்பி."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் எட்டாது."

வயர் இரண்டு பக்கமும் தாராளமாக எட்டும். கத்தரினா வாசலில் நின்று புருசனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறுபடி சுவிட்சைப் போட்டார். றஸீன் மறுபடி கத்தியைக் கிட்டக் கொண்டுபோனான். மறுபடி எடுத்தான். இந்தத் தடவை கத்தியை முதுகுக்குப் பின்னால் வேறு மறைத்துக்கொண்டான்.

"இருபத்தெட்டு," என்றார் இன்னாசிப்பிள்ளை. வலையில் ஒரு துண்டு போய்விட்டது.

றஸீன் பிடரியைச் சொறிந்தான். "அண்ணன், ஒண்டு சொல்லணும். எப்பிடிச் சொல்றதெண்டுதான் விளங்கல்ல."

அவன் வாயால் வந்தால் மானம் போய்விடும். முந்திக்கொண்டால் பாதியாவது மிஞ்சும்.

"நானே சொல்லுறன் தம்பி. மேல் உருளை கோணல். ஒரு நிமிசத்துக்கு மேல ஓடினா பெல்ட் கழண்டு விழும். இருபத்தஞ்சு தந்தாப் போதும்." சொல்லும்போதே மச்சானின் வள்ளத்தில் ஒரு கால் வைத்தது போல இருந்தது அவருக்கு.

றஸீன் குந்தியிருந்து உருளையை விரலால் சுற்றிப் பார்த்தான். மோட்டரைத் தடவிப் பார்த்தான்.

"இது லேத்தில குடுத்தா அரை நாள் வேலை. மோட்டர்தான் முக்கியம், அது அருமையா இருக்கிது. முப்பது எடுங்க அண்ணன். குறையை மறைக்காமச் சொல்ற ஆளுக்கிட்ட பேரம் பேச எனக்கு வாய் வராது."

கத்தரினா கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இன்னாசிப்பிள்ளைக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. வலை கிடைத்துவிட்டது, மச்சானின் வள்ளமும் தப்பியது. இருந்தும் காசைக் கைநீட்டி வாங்க அவருக்குக் கூசியது.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். ரெண்டு தரமும் பெல்ட் ஓரம் போறதைக் கண்டுதானே கையை எடுத்தனீ?"

"பெல்ட்டை நான் எங்க பாத்தேன்?"

றஸீன் வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினான். நத்தார்ப் பண்டிகைக்கென்று கத்தரினா வளர்க்கும் கிடாய், பூவரசில் கட்டியபடி, வாயில் குழையோடு இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆட்டுக்கு முன்னால கத்தி தீட்டக் கூடாது அண்ணன், அது பாவம், பயந்திடும். உங்கட ஊட்டு ஆட்டை அவுத்து அங்கால கட்டுங்க எண்டு சொல்லத்தான் எனக்குக் கூச்சமா இருந்திச்சு."